எம்.டி. ராமநாதன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.டி.ஆர். பாட்டைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகளில் ஒன்றாகத்தான் இருக்கும். சில கேள்விகளுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்கு எனக்குப் பேச்சு நிற்காது. அப்படியே எழுதியிருக்கிறேன்.

யார் இவர்? பெயர் கேள்விப்பட்ட மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

கர்நாடக இசைப் பாடகர். 1923 மே 20 அன்று பாலக்காட்டுப் பக்கம் மஞ்சப்ரா என்ற கிராமத்தில் பிறந்தார். 1984 ஏப்ரல் 27 அன்று காலமானார், 61 வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லை. வாழ்நாளின் பெரும்பகுதி சென்னையில் கலாக்ஷேத்ரா என்ற கலைப் பள்ளியில் கழிந்தது, முதலில் மாணவராக, அப்புறம் ஆசிரியராக. அடிமட்டத்திலிருந்து எழும் கனத்த குரலும், யாருக்காகவும் அவசரப்படாத பாட்டும் அவருடைய அடையாளங்கள். ஒருமுறை கேட்டால் அடுத்த முறை பெயர் சொல்லாமலே கண்டுபிடித்துவிடலாம்.

எம்.டி. என்றால் என்ன?

மஞ்சப்ரா, தேவேச. முதலாவது ஊர், இரண்டாவது அப்பா பெயர். அப்பா தேவேச பாகவதர் பாட்டு வாத்தியார், மகனுக்கு முதல் பாடம் சொன்னவரும் அவரே.

பாலக்காட்டிலிருந்து சென்னைக்கு எப்படி வந்தார்?

அப்போது பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது, அதனால் பெரிய படிப்புக்கோ பெரிய வித்வானிடம் பாட்டுக் கற்கவோ சென்னைக்கு வருவது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிதில்லை. இவர் முதலில் பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் இயற்பியல் படித்துப் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் பட்டம் கையில் இருந்தால் சர்க்கார் உத்தியோகம் தேடுவதுதான் வழக்கம். இவர் அந்தப் பட்டத்தை வைத்துவிட்டுப் பாட்டுப் படிக்கக் கிளம்பினார்.

ருக்மிணி தேவி 1936ல் தொடங்கிய கலாக்ஷேத்ரா அப்போது அடையாறில் இருந்தது. அங்கே சங்கீத சிரோமணி என்று ஒரு படிப்பு ஆரம்பித்தார்கள். 1944ல் அதன் முதல் அணியில் இவர் சேர்ந்தார். அங்கே பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் டைகர் வரதாச்சாரியார். எம்.டி.ஆரின் மிச்ச வாழ்க்கை முழுவதையும் அந்த ஒரு சந்திப்பிலிருந்தே புரிந்துகொள்ளலாம் என்பது என் எண்ணம்.

டைகர் வரதாச்சாரியாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியுமா?

பிறப்பு 1876, மறைவு 1950. பட்ணம் சுப்பிரமணிய ஐயரின் சீடர். பட்ணம் ஐயருக்கு குரு மானம்புச்சாவடி வெங்கடசுப்பையர், அவருக்கு குரு தியாகராஜர். அதாவது தியாகராஜரிலிருந்து எண்ணினால் எம்.டி.ஆர். ஐந்தாம் தலைமுறை. சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், கலாக்ஷேத்ரா என்று இசைக் கல்வி வளர்ந்த எல்லா இடத்திலும் டைகரின் கை உண்டு.

டைகரின் குரல் சொகுசுக் குரல் இல்லை. ஆனால் ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு அதற்குள் புகுந்து போய்க்கொண்டே இருப்பதில் அவருக்கு ஈடு சொல்வது கஷ்டம் என்று கேட்டவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். குரல் இனிமை என்று நாம் சொல்லும் விஷயம் இல்லாமலே ஒருவர் பெரிய பாடகராக முடியும் என்பதை எம்.டி.ஆர். இருபது வயசிலேயே கண்ணெதிரே பார்த்துவிட்டார். ஊரெல்லாம் பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் மின்னல் பிருகாக்களில், அதாவது அதிவேக ஸ்வர உருட்டல்களில், மயங்கிக் கிடந்த நேரம் அது. கொஞ்சம் குரல் வளம் இருந்த இளைஞர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். இவர் ஓடவில்லை.

ஆறு ஆண்டுகள்தான் குரு கிடைத்தார், 1950ல் டைகர் போய்விட்டார். சீடர் அங்கேயே பாட்டுச் சொல்லிக்கொடுக்க நின்று, பேராசிரியராகி, கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார்.

ஏன் இவ்வளவு மெதுவாகப் பாடுகிறார்?

முதல் முறை நான் கேட்டபோது ஒலிநாடா தேய்ந்து மெதுவாகச் சுற்றுகிறது என்றே நினைத்தேன். அது ஒரு பழைய கேசட், ஹிந்தோளத்தில் சாமஜவரகமனா. எங்கள் வீட்டில் அந்தப் பாட்டு எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் பாடும் வேகமும் தெரியும். இவர் 'சா' என்று தொடங்கி அடுத்த எழுத்துக்கு வருவதற்குள் நான் எழுந்து போய் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். இயந்திரத்தில் கோளாறு ஒன்றும் இல்லை.

பல வருடம் கழித்துத்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் பார்த்தேன். சாமஜம் என்றால் யானை. யானையைப் போல அழகாக நடப்பவனே என்று கண்ணனைக் கூப்பிடும் பாட்டு அது. யானை எங்கேயாவது துள்ளி ஓடி நாம் பார்த்திருக்கிறோமா? கோயில் வாசலில் அது ஒரு காலை எடுத்து வைத்து, பாரம் முழுவதும் அந்தக் காலில் இறங்கி, அப்புறம் அடுத்த காலை எடுக்கும். எம்.டி.ஆர். பாடிய ஹிந்தோளம் அப்படித்தான் நடக்கிறது. அவர் இதை யோசித்துச் செய்தாரா என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். என் காதுக்கு அது அப்படிக் கேட்கிறது.

இசை இலக்கணப்படி சொன்னால் அவர் பாடியது விளம்ப காலம், அதாவது மெதுவான நடை. நம் சங்கீதத்தில் இது புதிதே இல்லை, பதங்கள் என்ற பாடல் வகை எல்லாம் அந்த நடையில்தான் இருக்கின்றன, தீக்ஷிதர் கிருதிகளும் பெரும்பாலும் அப்படித்தான். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரிப் பாணி வந்த பிறகு நடுத்தர வேகமான மத்திம காலம் மேலே ஏறியது. வர்ணம், நாலைந்து விறுவிறுப்பான உருப்படிகள், நடுவில் ஒரு பெரிய ராகம், மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம், அப்புறம் சின்னப் பாடல்களான துக்கடாக்கள் என்று மூன்று மணி நேரத்துக்கு அழகாகப் பொருந்தும் கட்டமைப்பு. அதில் தவறொன்றும் இல்லை, அதனால்தான் சபா கச்சேரிகள் இத்தனை காலம் தாக்குப்பிடித்தன. எம்.டி.ஆர். அதே மேடையில் உட்கார்ந்துகொண்டு, அதே பாடல்களை வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த நேரத்தை மட்டும் அகட்டினார்.

அகட்டியதால் என்ன கிடைத்தது என்றால், ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையில் இருப்பது காதில் விழுந்தது. ஒரு காந்தாரம் என்பது ஒரு புள்ளி இல்லையே. அது ரிஷபத்திலிருந்து புறப்பட்டு, மத்யமத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்கு வந்து உட்காரும், ராகத்துக்கு ராகம் அந்தப் பாதை வேறு. வேகமாகப் பாடும்போது அந்தப் பாதை ஒரு கோடாகத் தெரியும். இவர் பாடும்போது அந்தப் பாதையில் நாமும் நடக்கிறோம்.

மெதுவாகப் பாடுவது சுலபம்தானே?

வீட்டில் யாராவது பாடத் தெரிந்தவர் இருந்தால் ஒரு கிருதியைப் பாதி வேகத்தில் பாடச் சொல்லிப் பாருங்கள். முதலில் மூச்சு பற்றாது. அப்புறம் சுருதி ஆடும், ஏனென்றால் கார்வையில், அதாவது ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு, நிற்கும்போது தம்புரா பக்கத்திலேயே இருந்து காட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது கஷ்டம் தாளம். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் அவ்வளவு வெற்றிடம் இருந்தால் உள்ளுக்குள் ஓடும் காலப்பிரமாணம், அதாவது நடையின் வேகம், இம்மியும் நகராமல் இருக்க வேண்டும். விரைவாகப் பாடும்போது மறைந்துவிடும் தப்புகள் இங்கே ஒளிய இடமில்லாமல் நிற்கும்.

இத்தனைக்கும் மேல் ஒன்று இருக்கிறது. எதிரில் நூறு பேர் உட்கார்ந்திருக்க, கைதட்டல் வாங்கிக் கொடுக்கும் எதையும் செய்யாமல், ஒரே ஸ்வரத்தில் நிற்கும் தைரியம். அது சாதகத்தால் மட்டும் வருவதில்லை.

அந்தக் குரல் ஏன் அப்படி இருக்கிறது?

இயற்கையாகவே அவ்வளவு தாழ்ந்த குரல். ஆண் பாடகர்கள் பொதுவாக ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்குள் சுருதி வைப்பார்கள், கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. இவர் ஒரு கட்டைக்கும் கீழே வைத்தார். அதிலிருந்து இன்னும் கீழே இருக்கும் மந்திர ஸ்தாயிக்கு வேறு இறங்குவார். சுமாரான ஒலிபெருக்கியில் கேட்டால் அடிப்பகுதி பாதி காணாமல் போய்விடும், அதனால் கைபேசியில் கேட்டுவிட்டு 'என்ன இது, முனகுகிறார்' என்று சொல்பவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை, நல்ல ஹெட்போன் கொடுத்துவிடுவேன்.

குரலை மாற்றிக்கொண்டிருக்கலாம். கட்டையை ஏற்றி, தொண்டையை இறுக்கி, காலத்துக்கு ஏற்றமாதிரி மேல் ஸ்தாயியில் பாடி எத்தனையோ பேர் சமாளித்திருக்கிறார்கள், சிலர் அதில் குரலையே இழந்தும் இருக்கிறார்கள். இவர் கிடைத்த குரலுக்கு எந்த நடை பொருந்துமோ அதைத் தேடிப் போனார். கனமான குரலுக்குப் பிருகா ஒத்துவராது, கார்வை ஒத்துவரும்.

வேகமாகப் பாட வராது என்பதால்தான் மெதுவாகப் பாடினாரா?

இந்தக் கேள்வி அவர் உயிரோடு இருந்தபோதே இருந்தது. பதிவுகளைக் கேளுங்கள். அந்த நேரத்தில் கற்பனையாக ஸ்வரம் பாடும் கல்பனா ஸ்வரத்தில் இரண்டாம் காலம், அதாவது இரட்டை வேகம், எடுக்கிறார், கணக்கு தப்பவில்லை. தேவைப்பட்ட இடத்தில் வேகமும் வருகிறது. ஆனால் அங்கே நின்று அதைக் காட்டிக்கொண்டிருக்க அவருக்கு மனசில்லை, சீக்கிரமே பழைய நடைக்குத் திரும்பிவிடுகிறார்.

எல்லாப் பதிவும் ஒரே தரம் என்று நான் சொல்ல மாட்டேன். சில கச்சேரிகளில் நடை தொய்ந்து போகிறது, உற்சாகம் இல்லாத நாளில் மெதுவான பாட்டு ரொம்பவே மெதுவாகிவிடும். அவரை ரசிப்பவர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். எனக்குத் தயக்கமில்லை. நல்ல நாளின் சஹானா ஒன்று போதும், மற்றதெல்லாம் மறந்துவிடும்.

சாகித்யத்தை, அதாவது பாட்டின் சொற்களை, விழுங்குகிறார் என்கிறார்களே?

பாதி உண்மை. சில இடங்களில் ஒரு வரியை முழுதாகச் சொல்லாமல் ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு அதிலேயே சுற்றுவார், இடையில் இருக்கும் எழுத்துகள் கரைந்துவிடும். சொல் சுத்தம் முக்கியம் என்று நினைப்பவர்களுக்கு இது வருத்தம் தரும், அந்த வருத்தம் நியாயமானதே. தியாகராஜர் எழுதியது வெறும் அசைகள் இல்லை. ஆனாலும் 'ராமா' என்ற ஒரு சொல்லை அவர் நாலு விதமாகச் சொல்லும்போது நாலாவது முறை நமக்கு என்னவோ ஆகிறது. அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிடுவேன்.

பக்கவாத்தியக்காரர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

வயலினில் டி.என். கிருஷ்ணன், லால்குடி ஜெயராமன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன். மிருதங்கத்தில் பாலக்காடு மணி ஐயர், உமையாள்புரம் சிவராமன், வேலூர் ராமபத்ரன். அந்தத் தலைமுறையின் முன்வரிசைக் கலைஞர்கள் எல்லோருமே அவருக்கு வாசித்திருக்கிறார்கள்.

டி.என். கிருஷ்ணன் வாசித்ததை எனக்குக் கூடுதலாகப் பிடிக்கும். நீளமான ஒரே வில்லில் அவர் இழுக்கும் நாதம் இவர் குரல் விட்ட இடத்திலேயே தொடங்கும், குரலுக்கு மேலே ஒரு ஸ்தாயி தள்ளி அதே வாக்கியம் திரும்ப வரும்போது கேட்கவே நிறைவாக இருக்கும். மிருதங்கத்துக்குத்தான் சோதனை. மெதுவான பாட்டில் இடைவெளி நிறைய, நிரப்பக் கை பரபரக்கும். நிரப்பிவிட்டால் பாட்டு போயிற்று. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கும்கி என்ற ஆழ்ந்த ஒலியைக் கொடுத்துவிட்டு அடுத்த தட்டுவரை சும்மா இருக்கத் தெரிந்தவர்கள் வாசித்த கச்சேரிகள்தான் அவருடைய நல்ல கச்சேரிகள்.

சொந்தமாகப் பாடல்கள் எழுதினாரா?

எழுதினார். சமஸ்கிருதம், தெலுங்கு, தமிழ் என்று சுமார் 300 பாடல்கள் என்று சொல்கிறார்கள். பாகேஸ்ரீ ராகத்தில் 'ஸாகர சயன விபோ' இன்றும் கச்சேரிகளில் கேட்கிறது, யார் எழுதியது என்று தெரியாமலே பலரும் ரசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் பாடல்களைவிட அவற்றில் இருக்கும் கையெழுத்துதான் எனக்குப் பெரிய விஷயம். பாட்டெழுதி இசையமைக்கும் வாக்கேயக்காரர்கள் பாட்டின் கடைசியில் முத்திரை வைப்பார்கள். தியாகராஜர் தன் பெயரையே வைத்தார், தீக்ஷிதர் குருகுஹ என்று வைத்தார், சியாமா சாஸ்திரி சியாமகிருஷ்ண என்று வைத்தார். எம்.டி.ஆர். வைத்தது வரததாச. வரதனின் அடிமை என்று சாதாரணமாகப் படித்தால் பெருமாளைச் சொல்கிறார் என்று தோன்றும். அந்த வரதன் அவருடைய குரு வரதாச்சாரியார். குரு போய் எத்தனையோ வருடம் கழித்து எழுதிய பாட்டிலும் அதே கையெழுத்துத்தான். ஒரு பாட்டு நூறு வருடம் நிற்கும் என்றால் தன் பெயர் அதில் நிற்க வேண்டும் என்று எந்த மனிதனுக்கும் ஆசை இருக்கும். இவர் அந்த இடத்தை ஆசிரியருக்குக் கொடுத்துவிட்டு, தனக்கு தாசன் என்ற சொல்லை வைத்துக்கொண்டார்.

ரொம்ப எளிமையான மனிதர் என்று எல்லோரும் சொல்வது எதனால்?

அவரைப் பார்த்துப் பழகியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது குழந்தை மாதிரியான மனிதர் என்பதை. மேடையில் சிரிப்பார். தன் பாட்டில் ஏதாவது நன்றாக வந்துவிட்டால் அது வேறு யாரோ பாடியது போல ஆச்சரியப்படும் முகம், புகைப்படங்களிலேயே தெரியும். கச்சேரி வாய்ப்புக்காகச் சபா சபாவாக அலைந்தவர் இல்லை. மாதச் சம்பளத்துக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, கூப்பிட்ட இடத்தில் பாடிவிட்டு வந்தவர்.

அடக்கம் என்ற சொல்லை நாம் கொஞ்சம் குறைத்துப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றும். தலை குனிந்து நிற்பதும், நான் ஒன்றுமில்லை என்று சொல்வதும் மட்டும் அடக்கம் என்றால் எம்.டி.ஆரை அதில் சேர்க்க முடியாது. தன் பாட்டில் அவர் பிடிவாதக்காரர், ஊர் முழுவதும் வேகம் கேட்டபோதும் ஒரு அங்குலம் நகரவில்லை. ராகத்துக்கு முன்னால் தன் சாமர்த்தியத்தை வைக்கவில்லை என்பதுதான் அவருடைய அடக்கம். ஒரு ஸ்வரம் தானாக முடியும்வரை காத்திருக்கிறார் பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன்.

சங்கீத கலாநிதி கிடைக்கவில்லையா?

இல்லை. பத்மஸ்ரீ 1974ல் வந்தது, சங்கீத நாடக அகாதமி விருதும் கிடைத்தது. சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி பட்டம் அவருக்கு வரவே இல்லை. அந்தப் பட்டம் பெறுபவர்தான் அந்த ஆண்டு இசை விழா மாநாட்டுக்குத் தலைமை தாங்குவார். அவருடைய குரு 1932ல் தலைமை வகித்தார். அதே பாலக்காட்டில் அதே 1923ல், இவருக்கு ஆறு மாதம் பின்னால் பிறந்த கே.வி. நாராயணசாமிக்கு 1986ல் கிடைத்தது, அதற்குள் இவர் மறைந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்னும் பத்து வருடம் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதில் வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன்.

அவரைப் போல ஆரவாரமில்லாமல் இருந்த வேறு யாரையாவது சொல்ல முடியுமா?

இப்போது சொன்ன கே.வி. நாராயணசாமி. அரியக்குடியின் சீடர், வெண்ணெய் போன்ற குரல், மென்மையான மனிதர். 'வருகலாமோ' என்று கோபாலகிருஷ்ண பாரதியின் பாட்டை அவர் மாஞ்சியில் பாடினால் நந்தனாரே வாசலில் நிற்பது போல இருக்கும். ராமநாதபுரம் கிருஷ்ணன், ஐம்பதுகளிலேயே, 1973ல், போய்விட்டார். வீணை தனம்மாளின் பேத்தி டி. பிருந்தா, அவர் பாடிய பதங்களைக் கற்றுக்கொள்ளப் பெரிய வித்வான்களே அவர் வீட்டுக்குப் போனார்கள். இந்த மூவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும்.

எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

என் வரிசை இது, வேறு ரசிகரைக் கேட்டால் வேறு சொல்வார்.

முதலில் சஹானாவில் 'கிரிபை'. தியாகராஜர் பாட்டு. மலைமேல் இராமனைக் கண்டேன், பத்துப் பொழுதில் ஆட்கொள்வதாகச் சொன்னான் என்று வரும். தியாகராஜர் சித்தியடைவதற்குச் சற்று முன் பாடியது என்று குருவழி மரபில் சொல்லி வருகிறார்கள். மயிர்க்கூச்செறிந்து கண்ணில் நீர் நிறைந்து பேச்சு வராமல் தவிக்கும் ஒருவன் அந்தப் பாட்டில் இருக்கிறான். அதை விறுவிறுவென்று பாடினால் என்ன அர்த்தம்? சஹானாவும் ஓடுவதற்கு ஏற்ற ராகம் இல்லை, ஏறும்போதும் இறங்கும்போதும் வளைந்து வளைந்தே போகும், 'க ம ரி க ரி ஸ' என்று அது இறங்குவதே பெருமூச்சு மாதிரி இருக்கும். எம்.டி.ஆர். குரலும் சஹானாவும் ஒன்றுக்கொன்று செய்து வைத்தது போல எனக்குப் படும். ஹிந்தோளத்தில் அவர் பெயர் பெற்றிருந்தாலும் என் ஓட்டு சஹானாவுக்கே.

அப்புறம் ரீதிகௌளையில் 'ஜனனி நின்னுவினா'. சுப்பராய சாஸ்திரி கிருதி. அம்மாவைக் கூப்பிடும் பாட்டு. இந்தக் கனமான ஆண் குரல் 'ஜனனி' என்று கூப்பிடும்போது வயசான மகன் ஒருவன் கூப்பிடுவது போல இருக்கும். கேட்டுவிட்டு உடனே வேறெதையும் போடாதீர்கள்.

மூன்றாவதாக சாமஜவரகமனா, யானையை நினைத்துக்கொண்டு.

அதன்பின் ஒரு முழுக் கச்சேரி. பழைய வானொலிப் பதிவுகளும் ரசிகர்கள் ஸ்பூல் டேப்பில் பிடித்து வைத்தவையும் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. சத்தம் கொஞ்சம் இரைச்சலாக இருக்கும், யாரோ இருமுவார்கள், பொறுத்துக்கொள்ள வேண்டும். யதுகுலகாம்போதி, ஆனந்தபைரவி, கேதாரம், ஸ்ரீராகம் என்று பட்டியலில் எதைப் பார்த்தாலும் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

எனக்கு ராகம் தாளம் எதுவும் தெரியாது. கேட்கலாமா?

தாராளமாக. ராகம் தெரிந்தவர்களைவிட உங்களுக்கு ஒரு வசதிகூட உண்டு, இந்தப் பாட்டு எந்த வேகத்தில் இருக்க வேண்டும் என்ற முன்முடிவு உங்களிடம் இல்லை. ராத்திரி வேலையெல்லாம் முடிந்து, வேறு எதையும் பார்க்காமல், இருபது நிமிடம் கொடுங்கள். முதல் ஐந்து நிமிடம் கைபேசியை எடுக்கத் தோன்றும். ஆறாவது நிமிடத்தில் உங்கள் மூச்சு அவர் நடைக்கு இறங்கிவிடும். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஒரு வருடம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். எனக்கே இரண்டாவது முறைதான் பிடித்தது.

இன்றைக்கு அவரை யார் நினைக்கிறார்கள்?

அவர் காலத்தில் ரசிகர்கள் இரண்டு பட்டிருந்தார்கள். பாதிக் கச்சேரியில் எழுந்து போனவர்கள் ஒரு பக்கம், அவர் பாடும் இடமெல்லாம் தேடிப்போய் முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் ஒரு பக்கம். எழுந்து போனவர்களை இப்போது காணோம், தேடிப்போனவர்கள் பெருகியிருக்கிறார்கள். கேரளத்தில் அவருக்கு எப்போதுமே தனி இடம், மலையாளக் கவிஞர் சச்சிதானந்தன் அவர் பாடுவதைப் பற்றி ஒரு கவிதையே எழுதினார். கச்சேரி மேடையில் ஏறாத, சங்கீதப் பரீட்சை எழுதாத இலக்கிய வாசகர்கள் பலர் கர்நாடக இசைக்குள் வந்ததே எம்.டி.ஆர். வழியாகத்தான். சென்னையில் டி.எம். கிருஷ்ணா போன்ற பாடகர்கள் அவரைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவருகிறார்கள். இன்று ஒரு இளம் பாடகர் கச்சேரியின் நடுவில் வேகத்தைக் குறைத்து ஒரு கார்வையில் நின்றால், சபையில் யாராவது பக்கத்தில் இருப்பவரிடம் எம்.டி.ஆர். பெயரைச் சொல்வார்.

'எம்.டி.ஆர். பாணி' என்று ஒரு பரம்பரை பெரிதாகக் கிளைக்கவில்லை என்பதும் உண்மை. கலாக்ஷேத்ராவில் அவரிடம் படித்தவர்கள் எத்தனையோ பேர், ஆனால் அந்தக் குரலையும் அந்தப் பொறுமையையும் சொல்லிக் கொடுத்துவிட முடியாதே.

என் பெண் பாட்டுக் கற்கிறாள். அவரைப் போலப் பாடிப் பார்க்கலாமா?

குரலைக் காப்பியடிக்க வேண்டாம். பெண் குரலில் மட்டுமில்லை, ஆண் பிள்ளைகளும் தொண்டையை அழுத்தி அவர் மாதிரி முழக்கப் பார்ப்பதைக் கேட்டிருக்கிறேன், தொண்டைக்குக் கெடுதல். அவரே அப்படி யாரையும் காப்பியடிக்கவில்லை.

ஒன்று செய்யலாம். சஹானா வர்ணம் 'கருணிம்ப' பாடம் ஆகியிருந்தால், தம்புராவை நன்றாகச் சேர்த்துவிட்டு, அவளுக்கு வசதியான சுருதியில், வழக்கமான வேகத்தில் பாதி வேகத்துக்குப் பல்லவியை மட்டும் பாடச் சொல்லுங்கள். எந்த எழுத்தில் மூச்சு தீர்கிறது, எந்த ஸ்வரத்தில் நிற்கப் பயமாக இருக்கிறது என்று அவளுக்கே தெரியும். பயமாக இருக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் இப்படிப் பாடட்டும், அப்புறம் 'கிரிபை' பதிவைப் போட்டு, விளக்கம் எதுவும் சொல்லாமல் அவளைக் கேட்க விடுங்கள்.